மீனுக்கு மஞ்சள் தடவச் சொன்னேன்

இன்று சுங்குவார்சத்திரம் போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண் போனில் வீடியோ பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, மீனுல உப்பும் மஞ்சளும் தடவி வெச்சா காலைல வரைக்கும் கெடாதாமே?"

எண்பதுகளில் பென்னலூரில் எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஞாயிறு பூசை முடிந்து வாங்கும் மீனில் பாதியை, கெட்டுவிடும் என்று ஒரு கிண்ணத்தில் போட்டு எங்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

நான்தான் ஒருநாள் அவளுக்கு இதே யோசனையைச் சொன்னேன்.

மறுவாரம் வெறுங்கையோடு வந்து, "நேத்து தடவி வெச்ச மீனு அப்டியே கீதுக்கா!" என்று பூரித்தாள்.

மீன் போனால் போகட்டும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அரைமணி பேசிவிட்டு வருவேன். அந்தச் சாக்கும் போய்விட்டது.

பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம், "கெடாதும்மா. ஆனா பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டு மிச்சத்துல தடவு" என்றேன்.

"பக்கத்து வூட்ல யாருன்னே தெரியாதேக்கா" என்றாள்.

உங்களுக்காவது தெரியுமா?