சிறுநீரகம் வரை போன வருத்தம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையின் புரோகிராமை இருபது வருடமாகத் தனி ஆளாகப் பார்த்துவந்த ஒருவர், அதை எங்கள் ஆபீசுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டு வீட்டுக்குப் போகவேண்டும். அவர் ஜெர்மனில் எழுதுவார், நான் இங்கிலீஷில் மாற்றுவேன். எங்கள் ஊர் படாளத்தில் டீக்கடையில் அப்பா, "எம் பொண்ணு ஜெர்மன்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லித் தருது" என்று அளந்துகொண்டிருந்தார்.

புரோகிராமைப் பற்றி அவர் எழுதுவதெல்லாம் சுலபம். நடுவில் மனசைப் பற்றி ஒரு வரி எழுதிவிடுவார், அங்கேதான் எனக்குக் கை ஓடாது. சலித்துப்போனால் மூக்கு நிறைந்துவிட்டது என்பார். சிடுசிடுப்பாக இருந்தால் ஈரல் மேல் பேன் ஓடியது என்பார். வயிறு எரிகிறது, நெஞ்சை அடைக்கிறது என்று பேசுகிற நமக்கு இது ஒரு பெரிய விஷயமா? தமிழில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன். ஆபீஸ் இங்கிலீஷுக்குத்தான் உடம்பே கிடையாது.

ஒருநாள் எழுதினார்: "எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்படைப்பேன். ஆனால் இது என் சிறுநீரகம் வரை போகிறது." உள்ளுக்குள் ரொம்ப வேதனை என்று அர்த்தம். பத்து விதமாக எழுதிப் பார்த்து, எதுவும் ஒட்டாமல், சொல்லுக்குச் சொல் அப்படியே போட்டு மேனேஜரிடம் காட்டினேன். அவர் உள்ளூர்க்காரர். சட்டை மடிப்பு கலையாமல் இருப்பார், பொறுமை போனால் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"இன்னாம்மா இது? கிட்னில இன்னா கீது அவருக்கு? டாக்டராண்ட போவச் சொல்லு."

"மனசு நொந்து எழுதியிருக்காரு சார்."

"அத்த மேல அனுப்ப முடியுமா? ஆபீஸ் இங்கிலீஷ்ல ஒரு வார்த்த போடும்மா, சீக்கிரம்."

அவருக்குச் சில 'கன்சர்ன்' இருக்கிறது என்று போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மேலிடத்தில் அதை, ஆள் ஒத்துழைக்கத் தயங்குகிறார் என்று படித்தார்கள். கிறிஸ்துமஸ் வரை அவருக்கு இருந்த வேலை, இங்கே வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பும் நாளோடு முடியும் என்று பதில் வந்தது. "அவர் அப்படிச் சொல்லல சார், இன்னொரு மெயில் போடுங்க" என்று கெஞ்சினேன். "முடிஞ்சிபோச்சும்மா, நாம இன்னா பண்றது, வுடு" என்றார். அவர் மேல் ஆத்திரமாக வந்தது. என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

ஜெர்மன்காரர் வந்து இரண்டு வாரம் உட்கார்ந்து, ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். புரியாதவர்களுக்கு மறுபடியும் சொன்னார். கடைசி ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் தன் காரில் மாமல்லபுரம் அழைத்துப்போய், கடற்கரையில் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தார். தட்டைக் கையில் வைத்தபடி அவர் அலையைப் பார்த்துக்கொண்டே ஜெர்மனில் சொன்னார்: "எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஊளையிட்டு அழவேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்."

"இன்னாவாம்?" என்றார் மேனேஜர்.

கடல் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த அளவு இங்கிலீஷ் ஜெர்மன்காரருக்கும் புரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் தலையாட்டி, "யெஸ். நைஸ் ஸீ" என்றார். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம், இன்னொரு தட்டு வாங்கக் கடைப்பக்கம் போனார்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் மானத்தைக் காப்பாற்றினீர்கள், நன்றி. இத்தனை மாதத்தில் நான் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான்."

உங்கள் வேலையைச் சீக்கிரம் முடித்துவைத்த வார்த்தையை எழுதியது நான்தான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் நன்றாகவே தெரியும். வாயைக்கூடத் திறந்தேன்.

மீன் ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.