கையகலத்துக்குக் கீழே

இருசம்மாளுக்கு வாய் அதிகம் என்று சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய் மூடியிருப்பது அவள் ஏரிக்குள் இருக்கும்போது மட்டும்தான். அதுவும் அடக்கத்தால் அல்ல. அங்கே நண்டும் இறாலும் கையாலேயே பிடிக்கிற பெண்கள், இடுப்பளவு தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததைப் போடுகிற ஓலைக்கூடைக்குப் பறி என்று பெயர். அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை. வாயைத் திறந்தால் பறி தண்ணீரோடு போய்விடும்.

அப்படி வாய் மூடியிருந்த ஒரு தை மாதக் காலையில்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள், கண்ணால் அல்ல, விரலால். கையில் சிக்கிய நண்டு கையகலம்கூட இல்லை. விடப்போன நேரத்தில் விரல் அதன் வயிற்றடியில் பட்டது. ஊறவைத்த ரவை மாதிரி நறநறவென்று ஏதோ இருந்தது. திருப்பிப் பார்த்தாள். சினை! இத்தனூண்டு நண்டுக்குச் சினையா?

அவள் அதை விடவில்லை. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. மதியத்துக்குள் பதினொன்று சேர்ந்துவிட்டது. யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயில் பறி.

அந்தப் பதினொன்றுதான் வம்பாகிவிட்டது. கையகலத்துக்குக் கீழே இருக்கிற நண்டை எடுக்கக் கூடாது, குஞ்சு வளரட்டும் என்பது அங்கே பெண்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. மீறினால் எட்டு நாள் தண்ணீரில் கால் வைக்க முடியாது. கெளுத்தி மீன் முள் ஏறிய காலோடு புருஷன் கருப்பன் வீட்டில் படுத்துக்கிடக்க, அவளும் எட்டு நாள் உட்கார்ந்துவிட்டால் அடுப்பு எரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவளே இருசம்மாள்தான்.

கரையேறும் இடத்தில் பறிகளைப் பார்க்கிற பொறுப்பு முத்தம்மாளுக்கு. கருப்பனின் அக்கா. சொந்தம் பந்தம் பார்க்கிற ஆள் கிடையாது.

"இன்னாடி இது? குஞ்சுங்களையெல்லாம் வாரிகினு வந்துகீறே! நீ போட்ட சட்டம்தானே?"

"குஞ்சு இல்லக்கா, தாயுங்க. திருப்பிப் பாரு."

முத்தம்மாள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மஞ்சள் மஞ்சளாகச் சினை. பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஆனாலும் முத்தம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏரி மண்ணு மூடித் தூந்துபோச்சு, தீனி இல்ல. அதான் சிறுத்துப்போச்சு. அதுக்குன்னு நீ எடுத்துக்குவியா?"

"தீனி இல்லாத பொண்ணு சீக்கிரமா வயசுக்கு வருவாளா? தள்ளில்ல போவும்?"

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். இருசம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்குத் திருப்பாலைவனத்தில் நெல் அறுக்கப் போனது நினைவுக்கு வந்துவிட்டது.

"யக்கா, அறுப்புக்குப் போனமே, அந்த நெலத்துக்காரரு துளசிங்கம் வூட்ல இன்னா பண்ணாங்க? நெறஞ்ச கதிரா பாத்து விதைக்கு எடுத்து வெச்சுட்டு, மீதியத்தானே தின்னாங்க? நாம இருபத்திரண்டு வருசமா பெருசையெல்லாம் தின்னுட்டு, சிறுசை விதைக்கு வுட்டுகினு கீறோம்க்கா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே முழுசாகப் புரிந்தது. எல்லா நண்டும் ஒரே வாகில் பிறப்பதில்லை. ஒன்று நன்றாக வளர்ந்த பிறகே சினை பிடிக்கும். இன்னொன்று சின்னதிலேயே பிடித்துவிடும். அந்த வாகு பெரும்பாலும் குஞ்சுக்கும் வரும். வளர்ந்து சினை பிடிக்கிற வகை, அதற்குள் பறிக்கு வந்துவிட்டது. சின்னதிலேயே சினை பிடிக்கிற வகையை இவர்களே பத்திரமாகத் தண்ணீரில் விட்டார்கள். பிழைத்தது குஞ்சு பொரித்தது, குஞ்சும் அதன் வாகிலேயே இருந்தது. எந்த நண்டும் தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளவில்லை. கூட்டத்தில் சின்ன வகை வருஷா வருஷம் கொஞ்சம் கூடியது, பெரிய வகை கொஞ்சம் குறைந்தது. நண்டு ஒரு வருஷத்தில் தாயாகிவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை தலைமுறை!

"நானும் பாத்தேன்க்கா," என்றாள் கூட்டத்தில் இளையவளான காவியா, அதுவரை வாயே திறக்காதவள். "சினையோட சிறுசுங்களை. சொன்னா என் பறியத் தேடுவீங்கன்னு கம்முனு வுட்டுட்டேன்."

இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். முத்தம்மாள் ஒரு நண்டை எடுத்துத் தன் கையோடு வைத்து அளந்து பார்த்தாள்.

"சரி, எட்டு நாளு வேணாம். ஆனா இனிமே பெரிய பொட்டை எது கெடைச்சாலும் தண்ணிக்கு. மொத ஆளா நீ வுடுவியா?"

"வுடுவேன்!" என்றாள் இருசம்மாள். அந்த வாய்க்கு யோசிக்கவே தெரியாது.

மூன்றாம் நாள் அதற்குச் சோதனை வந்தது. சேற்றுக்குள் ஒரு நண்டு சிக்கியது, இரண்டு கையும் சேர்ந்தால்தான் அடங்கும் போலிருந்தது. இத்தனை பெரிய நண்டைத் தொட்டுப் பத்து வருஷமாவது இருக்கும். பறியில் அதுவரை நாலு இறால். வீட்டில் கருப்பனின் கால் இன்னும் வீக்கம் வடியவில்லை. முத்தம்மாள் எங்கோ தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு துழாவிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

விரல் வயிற்றடியைத் தேடியது. ஊறவைத்த ரவை.

ஏன்தான் அன்றைக்கு வாயை விட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகை வந்தது. கையை விரித்தாள்.

அந்த நண்டு சும்மா போகவில்லை. கட்டைவிரலை நறுக்கென்று கடித்துவிட்டுப் போனது. அவள் ஆவென்று அலற, பறி தண்ணீரில் கவிழ்ந்து நாலு இறாலும் போயே போய்விட்டது. விரலில் ரத்தம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வளர்ந்த பிறகே சினை பிடிக்கிற அந்த வகை அற்றுப்போய்விடவில்லை.

"யக்கா!" என்று ஏரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "பெருசு இன்னும் கீதுக்கா!"