அஞ்சலையின் கைகள்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு ஆள் வரும். பஸ் ஸ்டாப்புக்கு மேற்கே ஊர், கிழக்கே காலனி. அந்தக் காலனியில் பிறந்தவர்தான் முனிரத்தினம். நார்வே நாட்டில் பெயர் பெற்ற நவீன சிற்பி, அங்கே ஒரு கலைக் கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார். அந்த நாட்டுப் பத்திரிகைகளில் அவர் படம் எத்தனையோ முறை வந்திருக்கிறது. இங்கே அவரை அஞ்சலை மகன் என்று சொன்னால்தான் ஆள் தெரியும்.

அஞ்சலை நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். ஆயுள் முழுக்க அவள் குனிந்து நிமிர்ந்தது குமாரவேல் வீட்டுக் கழனியில்தான். அந்த வீட்டில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றும் இருந்தது. அங்கே கரும்பு ஆட்டும் எந்திரத்தில் ஒருநாள் அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, புண் ஆறும் முன்பே நடவுக்கு வந்து நின்றாள். வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்களே!

வெயிலில் தாகம் என்று கேட்டால் குமாரவேலின் அம்மா லோகாம்பாள் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். சொம்பு இவள் கையில் பட்டுவிடக் கூடாது. அஞ்சலை குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்துவாள். விரல் போன பிறகு அந்தச் சந்து வழியாகப் பாதித் தண்ணீர் ஒழுகிப் போகும், மீதிதான் வாய்க்கு. வரப்பில் நின்று முனிரத்தினம் இதைப் பார்த்திருக்கிறார். அப்போது அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

விடுதியில் தங்கி சென்னையில் கலைக் கல்லூரி படித்தார். உதவித்தொகை கிடைத்து நார்வே போனார். போன புதிதில் அங்கே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். காஞ்சிபுரமா? கோயில் ஊராயிற்றே, உங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் சிற்பம் செய்தார்களா? முதல் தடவை இல்லை என்றார். கேட்டவர் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த தடவை சும்மா சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, ஆயிரம் கோயில்களின் நிழலில் வளர்ந்தவர் என்று கண்காட்சிப் புத்தகத்தில் அச்சடித்தே விட்டார்கள். அந்த நிழல் இவர்கள் மேல் விழாமல் எத்தனை பேர் எத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்பது நார்வேக்காரனுக்கு எங்கே தெரியப் போகிறது? அந்த ஒரு வரியால் அவருக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, பெயரும் கிடைத்தது. அதை மறுத்துப் பேசாத கசப்பு மட்டும் நாக்கிலேயே தங்கிவிட்டது.

அவர் செய்ததெல்லாம் முகமில்லாத உருவங்கள். குனிந்த கல், மடங்கிய கல், முழங்காலைக் கட்டிக்கொண்ட கல். அங்கே பூங்காக்களில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஏறி விளையாடும், மழை பெய்யும், பனி மூடும். வகுப்பில் அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். செய்ததை விளக்காதே. பெயர்கூட எழுதாதே. பார்க்கிறவர் கண்ணுக்கு விட்டுவிடு. பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வயதில் கட்டிக்கொண்ட நார்வேக்காரி மட்டும், எதையுமே விளக்காத மனிதரோடு எப்படிக் குடித்தனம் செய்வது என்று கேட்டுவிட்டுப் பிரிந்து போனாள். அதுவும் நியாயம்தான்.

ஓய்வு பெற்றதும் காலனிக்கே வந்து தங்கை ரேணுகாம்பாள் வீட்டில் தங்கினார். ரேணுகாம்பாள் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத் தறிக் கூடத்தில் முழங்கால் ஒத்துழைத்தவரைக்கும் நூல் சுற்றியவள். தான் சுற்றிய பட்டை உடுத்திப் பார்க்காதவள். அண்ணன் வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

முனிரத்தினத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசைதான். அம்மாவுக்கு இந்த ஊரில் ஓர் இடம் வேண்டும். காலனிக்குள் வேண்டாம், ஊரும் காலனியும் சேர்ந்து புழங்குகிற இடத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில். குவாரியிலிருந்து ஆள் உயரக் கருங்கல் ஒன்றை இறக்கி, தங்கை வீட்டுப் பின்புறத்தில் போட்டு மாதக் கணக்கில் வேலை செய்தார். நாற்று நடக் குனிந்த ஒரு பெண். ஒரு முனையில் கால்கள் சேற்றுக்குள் இருப்பதுபோல் கல் மொட்டையாக முடிந்தது. இடுப்பு வளைந்து ஏறி, முதுகு சரிந்து இறங்கி, முகம் தெரியாமல் தலை கவிழ்ந்திருந்தது. மறுமுனையில், தரையைத் தொட்டபடி இரண்டு கைகள். அந்தக் கல் முழுக்கவே வெறும் வழவழப்பு, கைகளில் மட்டும் நரம்பும் நகமும் வெடிப்பும் செதுக்கியிருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

ரேணுகாம்பாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கீழ பேரு எழுதிடுண்ணா. யாருன்னு தெரிய வாணாமா?”

“எழுதக் கூடாது ரேணு. பாக்கறவங்களுக்குத் தானா புரியணும்” என்றார் வாத்தியார்.

அப்போது குமாரவேல்தான் ஊராட்சித் தலைவர். இவருக்கு இரண்டு வயது மூத்தவர். வெளிநாட்டுச் சிற்பி என்பதால் வாய் நிறைய ‘சார்’ போட்டார். “இன்னா சார், மூஞ்சியே காணோமே?” என்று கல்லைச் சுற்றி வந்தார். நடவு என்று மட்டும் முனிரத்தினம் சொன்னார். “விவசாயமா? சூப்பர் சார். பஸ் ஸ்டாப்புல வேப்ப மரத்தடியில வைங்க” என்று அனுமதியும் கொடுத்தார். தை மாதம் கல் அங்கே போய் உட்கார்ந்தது. வெயில் தொடங்கியதும் முனிரத்தினம் கண் அறுவை சிகிச்சைக்காக நார்வே போனார். அங்கே ஒன்று மாற்றி ஒன்றாக இழுத்து, திரும்பி வரக் கார்த்திகை ஆகிவிட்டது.

பேரில்லை, முகமில்லை, மேலே வேப்ப மரம், கீழே கருங்கல், இருப்பதோ முச்சந்தி. இதை நம் ஜனங்கள் எத்தனை நாளைக்குச் சும்மா விட்டுவைப்பார்கள்? உலகம் சுற்றிய மனிதருக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். குமாரவேலின் தம்பி மகன் பைக்கில் வேகமாக வந்து அந்தக் கல்லில் மோதி விழுந்தான். வண்டி சப்பையாகிவிட்டது, பையனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. மறுநாளே கற்பூரம். அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள். ஆடியில் கூழ்.

காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய முனிரத்தினம் தன் கல்லைத் தேடினார். வேப்ப மரத்தைச் சுற்றித் தகரக் கொட்டகையும் இரும்புக் கிரில்லும் இருந்தன. ஏரிக்கரை அம்மன் என்று போர்டு தொங்கியது. தூர் வாரும்போது ஏரிக்குள்ளிருந்து அம்மன் தானே வெளிப்பட்ட கதையைச் சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். உள்ளே சிமெண்டுப் பீடத்தில், சரிகைக் கரை போட்ட பட்டுச் சேலை சுற்றிக்கொண்டு கல் நிமிர்ந்து நின்றது.

கிரில்லைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. படுத்திருந்த கல்லைத் தூக்கிச் செங்குத்தாக நட்டிருக்கிறார்கள். கால்கள் சேற்றில் முடிகிற மொட்டை முனை மேலே இருந்தது. அதில்தான் வெள்ளிக் கண்மலர் ஒட்டி, மூக்குத்தி வைத்து, பொட்டு இட்டிருந்தார்கள். கவிழ்ந்த தலையும் இரண்டு கைகளும் சிமெண்டுக்குள் போயிருந்தன. அம்மாவைத் தலைகீழாகப் புதைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“போன்ல ஒரு வார்த்த சொல்லலயே ரேணு!” என்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். அவர் அப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை. “முட்டாப் பசங்க! எது மேல, எது கீழன்னுகூடத் தெரியாம நட்டு வெச்சிருக்கானுங்க. இப்பவே போய்ச் சொல்றேன், அது எங்கம்மான்னு.”

ரேணுகாம்பாள் கதவைச் சாத்தினாள். “சொல்லிப் பாரு. கடப்பாரைய எடுத்துக்கினு வந்து பேத்து ஏரியில போட்டுருவானுங்க. ஏண்ணா, நம்ம அம்மா அந்தத் தெருவுல என்னிக்காவது செருப்பு போட்டுக்கினு நடந்திருக்குதா? இன்னிக்கு அந்தத் தெருவே அது முன்னால செருப்பக் கழட்டிட்டு நிக்குது. எவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். தெனம் காலையில கிரில்லுக்கு வெளிய நின்னு கும்பிட்டுக்கினு, உள்ளுக்குள்ள சிரிச்சுக்கினு வர்றேன். எனக்கு இது போதும்ணா. இதக் கெடுத்துடாத.”

அவள் கண்ணில் அப்படி ஒரு களிப்பை அவர் சின்ன வயதில்கூடக் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டார். ஒரு வகையில் அவருக்கும் அது இனித்தது. ஊர் முழுக்கத் தெரியாத ஒன்று தன் மடியில் இருக்கிறது, நினைத்த நேரத்தில் எடுத்து வீசலாம். அந்த நினைப்பிலேயே கிரில்லுக்கு வெளியே நிற்பதைப் பொறுத்துக்கொண்டார்.

மாசியில் கும்பாபிஷேகம் வைத்தார்கள். காலனிப் பெண்களும் பால்குடம் எடுக்கலாம், ஆனால் கிரில் வாசலோடு சரி, அங்கிருந்து குடத்தை வாங்கி ஊர் ஆட்கள் ஊற்றுவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ரேணுகாம்பாள் அதற்கும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். முனிரத்தினத்தால் முடியவில்லை. அன்று காலை பந்தலுக்குப் பக்கத்தில் குமாரவேலைத் தனியாகப் பிடித்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என் தங்கச்சி உள்ள வந்து அவ கையாலயே ஊத்தட்டும்.”

“யாரையும் உள்ள விடற வழக்கம் இல்ல சார்.”

“வழக்கமா? போன வருஷம் தையில நான் வெச்ச கல்லுங்க இது. அதுக்குள்ள எங்கிருந்து வந்துது வழக்கம்?”

“நீங்க கல்ல வெச்சீங்க, அவ வந்து உக்காந்துட்டா. அதுக்கப்புறம் அது உங்க கல்லு இல்ல.”

முனிரத்தினம் மடியில் இருந்ததை எடுத்து வீசினார். “அது எங்கம்மா. அஞ்சலை. உங்க கழனியில நட்ட அஞ்சலை.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். குமாரவேல் அதிரவில்லை. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு பேசியபோது சாரும் இல்லை, நீங்களும் இல்லை.

“தெரியும்பா. நீ கல்ல எறக்கன அன்னிக்கு எங்கம்மா பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்துது. கையப் பாத்துது. இது அஞ்சலை கைடான்னு வூட்டுல வந்து சொல்லிடுச்சு. நீ நார்வே போனதும் எடுத்துப் போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பையன் வுழுந்து பொழச்சிட்டான், பொம்பளைங்க மஞ்சா பூசிட்டாங்க. பூசனதுக்கு அப்புறம் தூக்கிப் போட்டா சாமிக் குத்தம் ஆயிடாது? வேற யாரும் கையப் பாத்துடக் கூடாதுன்னுதான் கவுத்து நட்டோம். எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீயும் பேசாம இரு. உங்கம்மாவுக்கு நல்லதுதானே நடக்குது?”

தோளில் தட்டிவிட்டு, மேளக்காரர்களை ஏதோ அதட்டியபடி குமாரவேல் போனார். முட்டாள்கள் என்று நினைத்தோமே, எத்தனை தெளிவாக வேலை செய்திருக்கிறார்கள் என்று முனிரத்தினம் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவருடைய கல்லைச் சரியாகப் படித்தவள் லோகாம்பாள் ஒருத்திதான். அவர் வீசியது வெடிக்கவில்லை. அது ஏற்கனவே வெடித்து, அடக்கி, சிமெண்டு பூசியாகிவிட்டது.

அவர் திரும்பி வந்து, கிரில்லுக்கு வெளியே தங்கை பக்கத்தில் நின்றுகொண்டார். ரேணுகாம்பாள் மஞ்சள் சேலை உடுத்தி, தன் குடத்தை யாரோ வாங்கிக்கொண்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளம் உச்சத்துக்குப் போனபோது, தொண்ணூறு வயது லோகாம்பாளை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பீடத்துக்குக் கூட்டி வந்தார்கள். யாரோ அவள் கையில் சொம்பைக் கொடுத்தார்கள். கிழவி அந்தக் கல்லை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, நடுங்குகிற கையால், சொம்பு கல்லில் பட்டுவிடாமல் உயரத் தூக்கிப் பாலை ஊற்றினாள். கல்லின் மேல் விழுந்து, சேலையை நனைத்து, ஏந்தக் கை இல்லாமல் பால் சிமெண்டில் ஓடியது.

ரேணுகாம்பாள் அண்ணன் காதோரம் சாய்ந்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

“பாத்தியாண்ணா? அந்தக் கெழவியே அம்மாவுக்கு ஊத்துது! யாருன்னு தெரியாமயே ஊத்துது பாரு!”

முனிரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாம்மா” என்றார்.