வாடகை வீட்டுக்கு ஒத்திகை

புக்காரமங்காவில் கோபத்துக்கும் குசலம் விசாரிப்பதற்கும் குரலில் வித்தியாசம் கிடையாது. "சாப்பிட்டீங்களா?" என்பதை, "என் கோழியைத் திருடினது நீங்கதானே?" என்கிற தொனியில்தான் கேட்பார்கள். தெருநாயைக்கூட "நீங்க" போட்டுத்தான் விரட்டுவார்கள். மரியாதை குறையாது, கல்லும் குறி தப்பாது. இப்படிப்பட்ட ஊரில்தான், வெனிசுவேலாவிலிருந்து எல்லை தாண்டி வந்து சேர்கிற குடும்பங்களுக்கு வாடகை அறை பிடித்துக் கொடுக்கிற வேலை ஒஃபேலியா ருவேதாவுக்கு.

அவள் வேலை பார்த்த உதவி மையத்தில் மற்றவர்களுக்கெல்லாம் படிப்பு இருந்தது. வக்கீல் பெண், மனநல ஆலோசகர், புள்ளிவிவரம் எடுக்கிற இளைஞன் என்று ஆளுக்கொரு முத்திரை போட்ட மேல்சட்டையில் திரிந்தார்கள். ஒஃபேலியாவிடம் இருந்தது ஐம்பத்தாறு வயது, ஒரு முழங்கால் வலி, வெனிசுவேலாவின் மரக்காய்போ நகரத்தில் பதினோரு வருஷம் சமையல்காரியாக இருந்த அனுபவம். அப்போது எண்ணெய்ப் பணம் அங்கே கொழித்தது. பிழைக்க ஓடியவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். போகும்போது ஒரு துணிப்பையோடு போனவள், திரும்பும்போது ஒரு ஃப்ரிட்ஜோடு வந்தாள். இடையில் ஒரு புருஷனும் இருந்தான். "பஸ்ல ரெண்டுல ஒண்ணத்தான் ஏத்த முடிஞ்சுது" என்பாள். ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது.

ஒத்திகை அவளுடைய கண்டுபிடிப்பு. மையத்தின் கோப்புகளில் அதற்குப் "பண்பாட்டு அறிமுகப் பயிற்சி" என்று பெயர். ஜெராக்ஸ் அறைக்குள் ஒஃபேலியா ஏப்ரன் கட்டிக்கொண்டு வீட்டுக்காரியாக உட்கார்ந்திருப்பாள். குடும்பம் கதவைத் தட்டி உள்ளே வர வேண்டும். வீட்டுக்காரியைத் தங்கமே, உயிரே என்று கூப்பிடக் கூடாது. எவ்வளவு திட்டினாலும் தலையைக் குனிந்து சிரிக்க வேண்டும். எதிர்த்து ஒரு வார்த்தை கூடாது. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் மொத்தமாகச் சொல்லிவிடக் கூடாது.

இந்தப் பயிற்சிக்கு அடங்காமல் வந்து சேர்ந்தவன் வில்மெர் உர்தானேத்தா. மரக்காய்போவில் மினிபஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஆள் கூப்பிட்டவன். பார்க்கிற பெண்கள் எல்லாரும் அவனுக்கு "என் தங்கம்"தான். அவன் ஊரில் மீன்காரியும் நீதிபதியும் அப்படித்தான் அழைக்கப்படுவார்கள். முதல் வீட்டில், "என் ராணி, உன் வீடு சொர்க்கம்" என்றான். ராணியின் புருஷன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். இரண்டாவது வீட்டில் மாமியாரையும் மருமகளையும் ஒரே மூச்சில் தங்கமாக்கினான். மூன்றாவது வீட்டுக்காரியின் தோளையும் தட்டிவிட்டான்.

வியாழக்கிழமை காலை, அவனையும் அவன் மனைவி யுஸ்மாரியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் ஒஃபேலியா ஜெராக்ஸ் அறையில் நிறுத்தினாள்.

"மையத்து விடுதியில பதினஞ்சு நாள்தான் கணக்கு. நாளைக்கு மத்தியானம் உங்க கட்டிலுக்கு வேற குடும்பம் வருது. இன்னைக்கு அறை கிடைக்கலன்னா, பிள்ளைங்களோட பஸ் நிலையத்துலதான் படுக்கணும். அதனால வில்மெர், இன்னைக்கு உங்களுக்கு வாய் கிடையாது."

"வாயே கிடையாதா, என் தங்கமே?"

"இப்பதானே சொன்னேன்."

"யுஸ்மாரிக்கு?"

"அவங்க சிரிச்சா போதும்."

"எனக்குப் பல்வலி" என்றாள் யுஸ்மாரி. அவள் பேசியே ஒஃபேலியா அதிகம் கேட்டதில்லை.

ஒஃபேலியாவின் நோட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர்: தோன்யா ஹெர்சிலியா. ஊரே மரியாதையாகத் "தோன்யா" போட்டு அழைக்கிற விதவைக் கிழவி. மாடியில் ஒரு அறை காலி. ஒஃபேலியா இதற்கு முன் ஏழு குடும்பங்களை, எல்லாரையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பழக்கி, அங்கே கூட்டிப்போயிருக்கிறாள். ஏழும் திரும்பி வந்தன. ஆட்களை வேண்டாம் என்று சொல்வதற்காகவே கிழவி அறையைக் காலியாக வைத்திருக்கிறாள் என்பது ஒஃபேலியாவின் முடிவு.

ஹெர்சிலியா முற்றத்தில் மடியில் பேசினை வைத்துக்கொண்டு, பின்பக்கம் பருத்த குண்டு எறும்புகளுக்கு இறக்கையும் காலும் பிய்த்துக்கொண்டிருந்தாள். மழை சீசன் எறும்பு, அந்த ஊர்த் தின்பண்டம். வறுத்து உப்புப் போட்டால் மாலைக்குள் காலியாகிவிடும்.

"ஏன் வெளிச்சத்த மறைக்கிறீங்க? சூரியன் உங்க அப்பன் வீட்டுதா? வர்றதுன்னா வாங்க, இல்லன்னா நடையக் கட்டுங்க. சூப் ஆறுது."

உள்ளூர்க்காரர்களுக்கு இது விருந்து அழைப்பு. குடும்பம் தலையைக் குனிந்தது. வில்மெர் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு சிரித்தான்.

"இவரு என்ன, ஊமையா?"

"அமைதியான மனுஷன், தோன்யா ஹெர்சிலியா" என்றாள் ஒஃபேலியா.

"போலீஸ் தேடுற ஆளுங்கதான் இவ்வளவு அமைதியா இருப்பாங்க. அறை சின்னது. மழை பெஞ்சா ஒழுகும். பக்கத்து வீட்டுச் சேவலுக்குப் பைத்தியம், மத்தியானத்துல கூவும். உங்களுக்குப் பிடிக்காது."

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று யுஸ்மாரியும் பிள்ளைகளும் பயிற்சிப்படி ஒரே குரலில் சொன்னார்கள்.

"பார்க்காமலே நல்லா இருக்கா?" ஹெர்சிலியா ஒரு எறும்பின் தலையைத் திருகினாள். "கூட்டிட்டுப் போங்க, ஒஃபேலியா. இதோட எட்டு."

பஸ் நிலையத்தின் சிமெண்டு பெஞ்சுகளில் படுக்க முடியாதபடி இரும்புக் கம்பி பதித்திருந்தார்கள், படுப்பதென்றால் தரைதான். கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஒஃபேலியா வாயைத் திறப்பதற்குள் யுஸ்மாரி பையைக் கீழே வைத்தாள்.

"போறோம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். ஒழுகுற கூரைய அப்படியே வெச்சுக்கிட்டு வாடகைக்கு விட உங்களுக்கு வெக்கமா இல்ல? ஒரு தகரம், அஞ்சு ஆணி. என் புருஷன் அரை மணி நேரத்துல முடிச்சிருவான். அவன் ஊமையும் இல்ல, திருடனும் இல்ல. வாய மூடச் சொன்னது இந்தம்மா. பதினாலு நாளா கண்டவங்களப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு என் தாடையே கழண்டு போச்சு. உங்க சூப்ப நீங்களே குடிங்க."

ஒஃபேலியா கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருஷப் பயிற்சி முற்றத்தில் இறக்கையோடு இறக்கையாகக் கிடந்தது.

"அஞ்சு ஆணி பத்தாது" என்றாள் ஹெர்சிலியா. "ஏழு வேணும்."

"அஞ்சு போதும்."

"ஏழு. என் கூரை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் ஒழுகுது? சுத்தியல் எங்க?"

"கதவுக்குப் பின்னால. கண்ணு இருக்குல்ல?"

வில்மெர் ஒஃபேலியாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். "என் தங்கமே, ஏணி இருக்கா?" என்று முழுக்குரலில் கேட்டுவிட்டு, யாருடைய பதிலுக்கும் காத்திராமல் தேடப் போனான். ஹெர்சிலியா அவன் முதுகை ஒரு கணம் முறைத்துவிட்டு, ஒஃபேலியா பக்கம் திரும்பினாள்.

"இத்தன நாளா எனக்கு ஏன் பொம்மைங்களாக் கூட்டிட்டு வந்தீங்க? என்ன சொன்னாலும் சிரிக்குதுங்க. மேல படுத்திருக்கிறது மனசுல என்ன வெச்சிருக்குன்னு தெரியாம நான் கீழ எப்படிக் கண்ண மூடுறது?"

ஒஃபேலியாவும் இதே ஊரில் பிறந்தவள்தான். காரணமில்லாமல் சிரிக்கிறவனுக்கு அவளும் கதவைத் திறந்ததில்லை. குனிந்த தலையும் குறையாத சிரிப்பும் மரக்காய்போவில் எஜமானியம்மா முன்னால் அவள் கற்றுக்கொண்டவை. குடித்தனக்காரர்களாக வந்தவர்களையெல்லாம் வேலைக்காரர்களாகப் பழக்கி அனுப்பியிருக்கிறாள். அந்த ஏழு குடும்பங்களில் இரண்டு பஸ் நிலையம் போனது அவளுக்குத் தெரியும். மற்றவை எங்கே போயின என்று மையத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

அதற்குள் பேசின் யுஸ்மாரியின் மடிக்கு மாறியிருந்தது.

"கை சும்மாதானே இருக்கு? பிய்ங்க."

"இதப் போய் மனுஷன் தின்பானா?"

"தின்னுட்டுப் பேசுங்க."

"பூச்சி எல்லாம் எங்க ஊர்ல கோழிக்குப் போடுவோம்."

"உங்க ஊர்க் கோழி குடுத்து வெச்சது."

மூத்த பெண் அதற்குள் வறுத்த எறும்புக் கிண்ணத்திலிருந்து மூன்றாவதை மென்றுகொண்டிருந்தாள். கூரை மேலிருந்து வில்மெர், மினிபஸ் படிக்கட்டில் நிற்கிற குரலில், ஆறாவது ஆணி கேட்டான். "பார்த்தீங்களா" என்றாள் ஹெர்சிலியா. "அவனுக்கு எண்ணத் தெரியாது" என்றாள் யுஸ்மாரி.

ஒஃபேலியா வாடகைப் படிவத்தைச் சுவரில் வைத்து நிரப்பினாள். கையெழுத்துக் கேட்டபோது இரண்டு பேருமே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. படிவத்தைச் சூப் கிண்ணத்துக்கு அடியில் செருகிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி வாசற்படி இறங்கினாள்.

தெருமுனை வரை சத்தம் கேட்டது. கடைக்காரர் வெளியே வந்து நின்றிருந்தார்.

"தோன்யா ஹெர்சிலியா வீட்டுல என்ன அடிதடியா? போலீஸக் கூப்பிடவா?"

"வேணாம்" என்றாள் ஒஃபேலியா. "புதுசாக் குடி வந்திருக்காங்க."