கருடன் காலடியில் இருந்த நம்பர்

1. பொட்டைக் காணோம்

1989 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. வானத்தில் மேகம் இல்லை. ஆனால் வாடைக்காற்று நிற்காமல் அடித்ததில் கடை ஷட்டர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. அதைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் காளிமுத்து சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

ராமநாதபுரத்தில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் 1974 முதல் 2009 வரை நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். விற்பனை, ரிப்பேர், டெபாசிட் மூன்றும் அங்கே உண்டு. தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்ததும் ரசீதைக் காட்டி எடுத்துப் போகலாம். அந்த ஜனவரித் தேர்தலுக்கு எங்கள் கடைக்கு அறுபத்து மூன்று வந்தன. ஐம்பத்தெட்டு நாட்டுப்புறத்துக் குழல் துப்பாக்கிகள், மூன்று ரிவால்வர்கள், இரண்டு பிஸ்டல்கள். அந்த இரண்டு பிஸ்டலும் ஜெர்மன். இரண்டாம் யுத்தத்தில் இத்தாலிப் பக்கம் சண்டை போட்ட நம் ஊர்ச் சிப்பாய்கள் அங்கிருந்து கொண்டுவந்து, பிறகு லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டவை.

காளிமுத்து நயினார்கோவில் பக்கத்து விவசாயி. பிஸ்டல் அவருடைய அய்யா கொண்டுவந்தது. அய்யா இறந்த பிறகு லைசென்ஸ் மகன் பெயருக்கு மாறியது. நான் லாக்கரைத் திறந்து துணியைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் இடப்பக்கம் பார்த்தார். திருப்பி வலப்பக்கம் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"கணக்கப்பிள்ளை, பொட்டைக் காணோம்."

"என்ன பொட்டு?"

"சாமி பொட்டு. கருடன் காலடியில இருந்துச்சுல்ல. இது எங்க அய்யாவோடது இல்ல. மாத்திட்டீக."

விஷயம் இதுதான். அந்த வகைப் பிஸ்டலில் இருபுறமும் சின்னக் கழுகு முத்திரைகள் உண்டு. சிறகு விரித்த கழுகு, சிலவற்றில் அதன் காலில் வட்டம், வட்டத்துக்குள் சுவஸ்திகம். காளிமுத்து வீட்டில் அது கருடன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கதிர் அரிவாள், மண்வெட்டியோடு பிஸ்டலையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார்கள். கருடன் முகத்தில் வைக்கக் கூடாது என்று வலப்பக்கக் கழுகின் கீழே, ட்ரிக்கருக்குப் பின்னால், வழவழப்பான இடத்தில் வைத்தார்கள். நாற்பது வருஷத்துச் சந்தனமும் எண்ணெயும் இறுகிக் கட்டெறும்பு நிறத்தில் ஒரு தடித்த பூச்சாக, பத்தாக, ஒட்டிக்கொண்டது. எங்கள் கடை வழக்கப்படி டெபாசிட் வந்ததை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, எண்ணெய் போட்டுத்தான் உள்ளே வைப்போம். இந்தக் கடற்காற்றுக்கு அப்படிச் செய்யாவிட்டால் ஒரே மாதத்தில் துரு பிடித்துவிடும். முந்தைய தேர்தல்களுக்கெல்லாம் அவர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள், எங்கள் கடைக்கு வந்தது இதுவே முதல் முறை. துடைத்தபோது அந்தப் பத்து பெயர்ந்து வந்துவிட்டது.

பெயர்ந்த இடத்தில் ஒரு நம்பர் இருந்தது. 274618, கடைசியில் P என்ற எழுத்து.

லைசென்சில் இருந்த நம்பரோ 359.

2. சீல் வைக்கவா வேண்டாமா

காளிமுத்து சண்டைக்காரர் அல்ல. சத்தம் போடவே இல்லை. பிஸ்டலை மேஜை மேல் வைத்துவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் இளவயது, பொறுமையான மனிதர். லைசென்ஸ் புத்தகத்தையும் பிஸ்டலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டது அப்படித்தான் இருந்தது. லைசென்சில் ஒரு நம்பர், இரும்பில் வேறு நம்பர்.

இடப்பக்கக் கழுகின் கீழே 359 இருக்கிறதே என்று நான் காட்டினேன். அதையும் பார்த்தார்.

"இருக்கு. அப்ப இது என்ன நம்பரு? ஒரு துப்பாக்கிக்கு ரெண்டு நம்பரா? 359 போட்ட துப்பாக்கிய எடுத்துக்கிட்டு, வேற ஒண்ணுல 359 அடிச்சு வச்சிட்டீங்கன்னு இவரு சொல்றாரு. நான் என்னன்னு எழுத?"

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. அவர் மூன்றாம் தலைமுறைக் கடைக்காரர். ஏழு வருஷம் முன்பு தோட்டா கணக்கில் இரண்டு குறைந்ததற்கே பதினொரு நாள் கடையைப் பூட்டியிருந்தார்கள். டெபாசிட் ஆயுதத்தை மாற்றினார்கள் என்று அறிக்கை போனால் கடை லைசென்ஸ் ரத்து, அதோடு வழக்கு. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது, இரண்டு பெண் குழந்தைகள். துப்பாக்கிக் கடையில் பதினைந்து வருஷம் இருந்தவனை வேறு யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். பயப்படுவார்கள்.

நாளை மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை அனுப்பியாக வேண்டும், அதுவரை பிஸ்டல் நிலையத்தில் இருக்கட்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் எடுத்துப் போய்விட்டார். காளிமுத்து போகும்போது என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"காசு கீசு வேணாம் கணக்கப்பிள்ளை. எங்க அய்யாவோட கருடனைக் குடுத்துருங்க, போதும்."

3. பட்டர் பேப்பர்

இந்த இடத்தில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்பார்களே, அதே மாதிரி கடைக்கு வரும் துப்பாக்கிகளின் முத்திரைகளைப் பட்டர் பேப்பரில் தேய்த்து வைத்துக்கொள்வேன். பிஸ்டலைச் சேர்க்க எனக்கு வசதியும் இல்லை, லைசென்சும் இல்லை. முத்திரையைச் சேர்க்கத் தடை இல்லை. ஜெர்மன் பிஸ்டல்கள் அதற்கு நல்ல தீனி. ஒரு கைப்பிடி இரும்பில் ஏழெட்டு முத்திரை இருக்கும். N எழுத்தோடு ஒரு கழுகு, C எழுத்தோடு ஒரு கழுகு, எண்ணோடு ஒரு கழுகு. எது எதற்கு என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. பிறகு பல வருஷம் கழித்து, மதராஸ் வியாபாரி ஒருவர் இரவல் கொடுத்த படப்புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். N என்பது தொழிற்சாலையில் சுட்டுச் சோதித்ததற்கு. C என்பது போலீசுக்குப் போனதற்கு. எண் போட்ட கழுகு, ராணுவத்துக்கு வாங்கும்போது பார்வையிட்ட ஆய்வாளருடைய எண். அந்தத் தொழிற்சாலையில் ராணுவத்துக்கு எடுத்தவற்றில் அந்த முத்திரைதான் விழும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. என்னிடம் ஆறு ஜெர்மன் பிஸ்டல்களின் தேய்ப்பு இருந்தது. நான்கில் அதே 359. வலப்பக்க நம்பர்கள் மட்டும் நான்கும் வேறு வேறு.

நம் ஊர் குமாஸ்தாக்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதும் விளங்கியது. பழைய நாட்டுத் துப்பாக்கிகளில் சர்க்கார் முத்திரை இருக்கும், அதன் கீழே ஜில்லா நம்பர் இருக்கும். முத்திரையைத் தேடு, கீழே உள்ள நம்பரை எழுது என்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். ஜெர்மன் கழுகையும் ஏதோ சர்க்கார் முத்திரை என்று நினைத்து, கீழே இருந்த 359-ஐ முதல் முறை ஒருவர் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு ரினிவலுக்குப் பார்த்தவர்கள் எல்லோரும் 359 இருக்கிறதா, இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மறுபக்கம் சந்தனம். யார் சுரண்டுவார்கள்?

தேய்ப்புகளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடினேன். சப்-இன்ஸ்பெக்டர் நான்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேப்பரில் தேய்த்ததை வைத்து அறிக்கை எழுத முடியாது, இதே மாதிரி இன்னொரு பிஸ்டலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சரியான பேச்சு. நான்கில் இரண்டு மதராசுக்கு விற்றுப் போய்விட்டன. ஒன்று காளிமுத்துவுடையது, துடைத்த அன்றே தேய்த்தது. மிச்சம் ஒன்று தங்கச்சிமடத்தில், சந்தியாகு என்ற ஓய்வுபெற்ற ஹவில்தாரிடம்.

4. யோவானுடைய கழுகு

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தங்கச்சிமடம் போனேன். பாலத்தின் மேல் பஸ் போகும்போது கீழே பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பாலம் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சந்தியாகுவுக்கு எழுபது வயது இருக்கும். வாசலில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். போன வாரம்தான் எங்கள் கடையில் இருந்து பிஸ்டலை எடுத்துப் போயிருந்தார். நான் முழுக்கதையையும் சொன்னேன்.

"கருடனா? எவன் சொன்னான்? அது அர்ச்யசிஷ்ட யோவானோட கழுகு தம்பி. நற்செய்தி எழுதின புனிதரு, அவருக்குக் கழுகுதான் அடையாளம். எங்க கோயில்ல பீடத்துலயே இருக்கு, வந்து பாரு."

"சரிங்கய்யா, யோவானோட கழுகாவே இருக்கட்டும். ஸ்டேஷன் வரைக்கும் ஒரு நடை கொண்டாந்து காட்டணும்."

"அவங்க கருடன் மாட்டிக்கிச்சு. என் கழுகையும் கொண்டுபோய் மாட்டி விடச் சொல்றியா? வாரேன்னு வந்து, இதுவும் நம்பர் சரியில்லன்னு புடுங்கி வச்சுக்கிட்டா நீ தருவியா?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. உங்கள் லைசென்சில் வலப்பக்க நம்பர் சரியாக எழுதியிருக்கிறது, உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று மூன்று விதமாகச் சொன்னேன். அசையவில்லை. மாலை ஐந்து மணி என்ற நினைப்பிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதையும் கவனித்துவிட்டு, கடிகாரம் நல்லா ஓடுதா தம்பி என்று கேட்டார்.

அப்போது அடுப்படியில் இருந்து அவர் மனைவி பேசினார்.

"நாப்பது வருசமா அதுக்குத் தேங்காண்ண போட்டுத் தொடைக்கிறீக. ஒரு காக்காயக்கூடச் சுட்டதில்ல. இன்னைக்கு ஒருத்தரு பொழப்புக்கு ஒதவும்னா எடுத்துக்கிட்டுப் போங்களேன்."

சந்தியாகு ஊசியைக் கீழே வைத்தார். பிறகு நிபந்தனை போட்டார். பஸ்ஸில் வர மாட்டார், கார் வேண்டும். பிஸ்டல் கைப்பிடியின் ஒரு பக்கத் தகடு உடைந்திருக்கிறது, மதராசில் இருந்து வரவழைத்து மாட்டித் தர வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

நிலையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மூன்று மணி பத்து. மேஜை மேல் ஒரு துணி விரித்து இரண்டு பிஸ்டலையும் இடப்பக்கம் மேலாக வைத்தார்கள். காளிமுத்துவும் வந்திருந்தார். கழுகு, 359. கழுகு, 359. எழுத்தும் அளவும் ஒரே அச்சு. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டையும் ஒன்றாகத் திருப்பினார். சந்தியாகுவுடையதில் 331 என்று தொடங்கும் நம்பர், கடைசியில் P. அது அவர் லைசென்சில் அப்படியே இருந்தது. சந்தியாகு வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. அதனால் குமாஸ்தாவுக்கு நம்பர் கண்ணில் பட்டிருக்கிறது.

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். 359 துப்பாக்கி நம்பர் இல்லை, வேறு ஏதோ முத்திரை, லைசென்சைத் திருத்தச் சொல்லி எழுதுகிறேன் என்றார். காளிமுத்து மட்டும் இன்னும் பிஸ்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரிக்கர் வளையத்தின் ஓரத்தில், என் துணி எட்டாத மூலையில், ஒரு கடுகளவு குங்குமம் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

"எங்க அய்யாவோடதுதேன்," என்றார்.

சந்தியாகு அவரை ஏற இறங்கப் பார்த்து, உங்க அய்யா எந்த ரெஜிமெண்டு என்று கேட்டார். அதற்கு மேல் அந்த இருவரையும் பிரிக்க முடியவில்லை. டீக்கடையில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். வெளியே கார் காத்திருப்புக் கட்டணத்தில் நின்றது. நான் வாசலுக்கும் காருக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

5. தெரிந்துகொண்டது

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன். டெபாசிட் வாங்கும்போது துப்பாக்கியின் இரண்டு பக்கத்தையும் உடையவர் கண் முன்னாலேயே பாருங்கள். அழுக்கு என்று உங்களுக்குத் தோன்றுவது அவர்களுக்கு வேறு ஏதாவதாக இருக்கலாம், கேட்டுவிட்டுத் துடையுங்கள். நான் அதற்குப் பிறகு இருபது வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு தகராறும் வரவில்லை. காளிமுத்து அடுத்த தேர்தலுக்கும் எங்களிடமே கொண்டுவந்தார். பொட்டைக் கைப்பிடியின் பின்பக்கத்துக்கு மாற்றியிருந்தார். நான் கேட்டுக்கொண்டதற்காகச் செய்தது அது, ஆனால் கருடன் அங்கே இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தார்.

செலவு விவரம். கார் போக வர, காத்திருப்போடு இருநூற்று நாற்பது. எனக்கும் சந்தியாகுவுக்கும் வழியில் சாப்பாடு முப்பத்தாறு. கைப்பிடித் தகடு எண்பத்தைந்து. சுரண்டிய தோஷத்துக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னார் காளிமுத்து, அது ஐம்பத்தொன்று. முதலாளி நூறு ரூபாய் எடுத்து நீட்டி, மீதியை நீயே பார்த்துக்கொள், பொட்டை அழித்தது உன் துணிதானே என்றார். நான் வாதாடவில்லை. கடை திறந்திருந்தது, அது போதும்.

என் கையில் இருந்து போனது முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.