விலகிய திகதி இல்லாதவன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்குக் கொம்பனி. கொம்பியூட்டரில் ரிப்போட் எடுப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். சாமான் ஏற்றத்தான் போனேன். ஆள் இல்லாத ஒரு நாளில் கொம்பியூட்டர் மேசையில் இருத்தினார்கள். அப்படியே இருந்துவிட்டேன்.

பெரிய வித்தை இல்லை. எல்லா ஆட்களின் விவரமும் உள்ளே கிடக்கும். யார் வெளியே வரவேண்டும் என்று நிபந்தனை எழுதவேண்டும். இது இப்படி இருந்து, அதுவும் அப்படி இருந்தால், காட்டு. இல்லாவிட்டால் விடு.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தவன் அதே கொம்பனியில் ஸ்டோர் பார்த்தான். யாழ்ப்பாணத்தான். மத்தியானத்தில் நான் இருக்கும் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பான்.

"மச்சான், என்ர வயசில ரெண்டைக் குறைச்சு விடடா. கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கினம்."

"ஏலாது. பிறந்த திகதியை வைச்சு அதுவே கணக்குப் போடும்."

"அதுவும் உன்னைப் போலதான். இரக்கமில்லாத சாமான்."

ஒரு நாள் காலை நானும் அவனும் வேலைக்கு வரும்போது ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். அடையாள அட்டை பார்த்தார்கள். என் அட்டையில் கொழும்பு விலாசம். ஏறு என்றார்கள். அவனுடையதில் யாழ்ப்பாணம். அவனை நில் என்றார்கள். பஸ் வெளிக்கிட்டது. பிறகு எந்தப் பொலிசிலும் அவன் இல்லை.

அவனுடைய அக்கா வத்தளையில் இருந்தா. மாதா மாதம் எங்கள் கொம்பனிக் கந்தோருக்கு வருவா. தம்பி இன்னும் இங்கே வேலையில் உள்ள ஆள்தான் என்று ஆட்கள் விவரத்துக்குப் பொறுப்பான மிஸ் ஒரு கடுதாசி கொடுப்பா. அதைக் காட்டித்தான் தேடினா. வேலையை விட்டுப் போனவன் என்றால் இயக்கத்துக்குப் போயிருப்பான் என்று பொலிசில் கதையை முடித்துவிடுவார்கள். நான் எடுக்கும் மாத ரிப்போட்டில் பெயர் இருந்தால்தான் மிஸ் கையெழுத்து வைப்பா.

மிஸ் என்னை மல்லி, தம்பி என்றுதான் கூப்பிடுவா. ஒரு மாதம் சிங்களத்தில் சொன்னா: "மல்லி, ரெண்டு மாசமா வராத ஆக்கள் இனி ரிப்போட்ல வரக்கூடாது. மேலிடத்துச் சொல்."

எழுதினேன். விலகிய திகதி வெறுமையாக இருக்கவேண்டும். கடைசியாக வந்த நாள் இரண்டு மாதத்துக்குள் இருக்கவேண்டும். ஓட்டினேன். அவன் போய்விட்டான்.

இந்த மாதம் அக்காவுக்குக் கடுதாசி கிடைக்காது.

வராததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. மற்றவர்களுக்கு ஏதோ இருந்தது. சுகமில்லை, வெளிநாடு, சொல்லாமல் போனார். அவனுக்கு ஒருவரும் எதுவும் எழுதவில்லை. என்னத்தை எழுதுவது? அதைப் பிடித்தேன். இரண்டு மாதத்துக்குள் வந்திருந்தால், அல்லது காரணம் வெறுமையாக இருந்தால் காட்டு என்று சேர்த்தேன்.

அடைப்புக்குறி போட மறந்துபோனேன். காரணம் இல்லாத எல்லாரும் வந்தார்கள், விலகிய திகதி உள்ளவர்களும். பென்சன் போனவர்கள், செத்துப்போனவர்கள், கிரேனில் நசுங்கிய பெரியவர்கூட. திரை நிறைய நின்றார்கள். அல்லது போட்ட அந்த இரண்டையும் ஒரு அடைப்புக்குள் போட்டு மறுபடி ஓட்டினேன். செத்தவர்கள் போனார்கள். அவன் நின்றான்.

மிஸ் பார்த்தா. "மல்லி, ஒராள் மிச்சமா வாறாரே?"

"நிபந்தனை சரி, மிஸ்."

"காரணம் போடல்லையா?"

"என்ன போட, மிஸ்?"

பேனையைத் தேடி எடுத்தா. பிறகு கையெழுத்து வைத்தா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அவன் வந்தான். கடைசியாக வந்த நாள் மட்டும் மாறாது. மத்தியானத்தில் கதிரைக்குப் பின்னால் ஆள் நிற்பது போல இருக்கும். நான் திரும்புவதில்லை.

ஒரு முறை அக்கா, "தம்பி, ஒருக்கா நான் பாக்கலாமோ?" என்று கேட்டா. திரையைத் திருப்பினேன். அவனுடைய வரியில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினா. வயசில் நின்றது விரல்.

"முப்பதாப் போச்சு," என்றா.

"ஓம் அக்கா. அது தானாக் கூடும்."