பானட்டில் பதிந்த கைகள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் அம்பாங் பெச்சாவில் கார் பட்டறை வைத்திருக்கும் லிங்கேஸ்வரன் பேய்க் கதை சொல்லும் ஆளில்லை. வீட்டில் பேய்ப் படம் ஓடினால் எழுந்துபோய்ச் சாவகாசமாகத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வருகிறவன். அவன் கண்ணால் கண்டது இது. இப்போது கேட்டாலும் அழுகையோ நடுக்கமோ இல்லாமல்தான் சொல்வான். மரத்துப்போய்விட்டான், பாவம்.

மார்கழி மாதம். ராவெல்லாம் மழை, விடிந்தால் மலைப்பக்கமிருந்து இறங்கும் குளிர். ரவாங் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் புனிதவதி, புதிதாக வாங்கிய பழைய ஆட்டோ கியர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்பா நல்லசாமி கூடவே இறங்கினார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய மனிதர். வலது கைச் சுண்டு விரலில் பாதியை அந்தத் தோட்டமே எடுத்துக்கொண்டது. இப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் டயாலிசிஸ்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் மக்கர் செய்தது. எஞ்சின் நன்றாக ஓடும். முன்னே போக ‘டி’ போட்டால் அசையாது. சூடேறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் போகும். போன வாரம் தாமதமாகிவிட, இவர் இடத்தில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் வரை மனிதர் மூச்சுவிட முடியாமல் கிடந்தாராம்.

“அண்ணே, இன்னொரு வாட்டி லேட்டானா அப்பா தாங்க மாட்டாரு,” என்றாள்.

குளிரில் வரும் கோளாறைக் குளிரில்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் சூட்டோடு சோதித்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும். அதனால் காரை ராத்திரி முழுக்கப் பட்டறை முற்றத்தில் வெளியிலேயே விடச் சொன்னான் லிங்கேஸ்வரன். விடிந்ததும் விடியாததுமாக வந்து, இரும்பு கேட்டைத் திறந்து, சாவியைத் திருப்பினான்.

கியர் ஆயில் அளவு சரி. நிறம் சரி. குளிரில் ரப்பர் சீல் இறுகி அழுத்தம் கசியுமோ என்று மீட்டர் மாட்டிப் பார்த்தான். அழுத்தமும் சரி. பின்னே போக ‘ஆர்’ போட்டான். வழுக்கிக்கொண்டு போனது. ‘டி’ போட்டான்.

அசையவில்லை.

ஜாக்கியில் தூக்கி ‘டி’ போட்டான். சக்கரம் உடனே சுற்றியது. பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. கீழே இறக்கினான்... மறுபடி அசையவில்லை.

அவனுக்கு விளங்கவில்லை. கியர் பிடிக்கிறது. எஞ்சின் ‘ம்ம்ம்’ என்று முக்குகிறது. கார் முன்னே போகத் தவிக்கிறது. யாரோ எதிரே நின்று தள்ளிப் பிடித்திருப்பதுபோல...

அப்போதுதான் எஞ்சினை மூடிய பானட்டைப் பார்த்தான்.

பனி படிந்த பானட்டில் இரண்டு உள்ளங்கைகள். விரல்கள் அவனை நோக்கி. சின்னக் கைகள். பெண் கைகள்.

இறங்கிப்போய்த் துணியால் துடைத்தான். மறுநாள் விடிகாலை மறுபடி பனி. வெறும் பானட்தான். பார்த்துக்கொண்டே ‘டி’ போட்டான்.

பனியில் ஐந்து விரல் விரிந்தது.

பிறகு இன்னொரு ஐந்து.

மெதுவாக... அழுத்தமாக...

எதிரே யாரும் இல்லை.

வேறொருவனாக இருந்தால் யார் நீ, ஏன் நிற்கிறாய் என்றாவது கேட்டிருப்பான். லிங்கேஸ்வரன் நம்மாட்கள் செய்வதைத்தான் செய்தான். முனீஸ்வரரை வேண்டிச் சூடம் ஏற்றினான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். ‘டி’ போட்டான். பழம் நசுங்கியது. கார் டக்கென்று கிளம்பியது.

அவனுக்கு அப்படியொரு நிம்மதி. கியர் ஆயில் மாற்றியதில் சரியாகிவிட்டது என்று சொல்லி, அன்று மாலையே காரைக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் விடிகாலை கைப்பேசி அடித்தது. புனிதவதி. அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.

“அண்ணே, டி போட்டதும் போவுது லா. அப்பா முன்னால போயி கேட்டைத் தொறக்குறாரு. அதுக்குள்ள உங்களுக்குச் சொல்லிரலாம்னு ‘என்’ல போட்டு வச்சிருக்கேன்.”

‘என்’ என்றால் நியூட்ரல், கியர் பிடிக்காது. கார் நிற்க வேண்டும்.

“அண்ணே... ‘என்’லதானே இருக்கு... வண்டி ஏன்...”

எஞ்சின் சத்தம்.

இரும்பு கேட் சத்தம்.

பிறகு புனிதவதியின் சத்தம்.

நல்லசாமியின் சாவு வீட்டில்தான் காரை விற்ற தரகர் அதைச் சொன்னார். முன்பு வைத்திருந்தவர், போன மார்கழியில், எஞ்சின் சூடேறட்டும் என்று ‘டி’ போட்டு எடுத்து ‘என்’னில் விட்டிருக்கிறார். கேட்டை ஒட்டி அவர் மனைவி குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கார் தானாக மேலே வர, நிமிர்ந்தவள் பானட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். கார் நிற்கவில்லை.

லோரியில் ஏற்றிக் காரை மறுபடி பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். லிங்கேஸ்வரன் குளிரில் சோதித்தான். கியர் கம்பி இறுகியிருந்தது. கியர் பிடி ‘என்’ காட்டியது, கியர் ‘டி’யிலேயே நின்றது. ‘டி’ போகவில்லை என்றுதானே கேட்டு வந்தாள்? ‘என்’னை அவன் பார்க்கவே இல்லை.

கம்பியை மாற்றினான். அன்று ராத்திரியும் கார் வெளியே கிடந்தது.

விடிந்து வந்து ‘டி’ போட்டான்.

அசையவில்லை.

பானட்டில் கைகள். சின்னக் கைகள் இல்லை. பெரியவை.

ஒன்றில் சுண்டு விரல் பாதிதான் இருந்தது.